தலைகீழ்க் கூம்பு வடிவ லிப்பிட் 30% கலந்தும் சவ்வு வளையவில்லை, ஏன்? (டிஓபிசி + டிஓபிஇ)

கயல் எழுதியது:

வணக்கம். லிப்பிட் வடிவம் பற்றிப் பாடநூலில் இருப்பதும் நுண்ணோக்கியில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை. விவரம் கீழே.

கலவை: டிஓபிசி 70, டிஓபிஇ 30 மோல் சதவீதம் (இரண்டும் இரட்டை வால் பாஸ்போலிப்பிட்; வால்கள் ஒன்றே, தலை மட்டும் வேறு: பிசி என்றால் கோலின் தலை, பிஇ என்றால் எத்தனாலமைன் தலை). ஒளிர்வுக்கு ரோடமின்-பிஇ 0.5. ஐடிஓ (மின்கடத்தும்) கண்ணாடியில் 1 மிகி/மிலி கரைசலில் 10 மைக்ரோலிட்டர் பூசி, வெற்றிடத்தில் காயவைத்து, 200 மில்லிமோலார் சுக்ரோஸில் மின்புல முறையில் ராட்சத வெசிக்கிள்கள் (ஜியுவி) வளர்த்தது. 10 ஹெர்ட்ஸ், 1.2 வோல்ட், 2 மணி நேரம், மொத்தக் கன அளவு 500 மைக்ரோலிட்டர். அதிலிருந்து 50 மைக்ரோலிட்டரை எடுத்து 450 மைக்ரோலிட்டர் 200 மில்லிமோலார் குளுக்கோஸில் விட்டுப் பார்க்கிறேன்.

தெரிவது: 10 முதல் 30 மைக்ரான் விட்டத்தில் வழவழப்பான, உருண்டையான வெசிக்கிள்கள். குழாயும் இல்லை, மொட்டும் இல்லை. வெறும் டிஓபிசி-யோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

அடுத்து 16:0 லைசோ-பிசி-யை (ஒற்றை வால் பிசி; வாலில் 16 கார்பன், 0 இரட்டைப் பிணைப்பு) வெளியிலிருந்து 20 மைக்ரோமோலார் வரும்படி சேர்த்தால், சில வெசிக்கிள்களில் வெளிப்பக்கமாக நூல் போல ஏதோ முளைக்கிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாமே காணாமல் போகிறது.

மூன்று கேள்வி:
1. பிஇ-யின் தலை சிறியது, வால் அகலம், அதனால் தலைகீழ்க் கூம்பு என்கிறார்கள். 30% இருந்தும் ஏன் வளையவில்லை?
2. அடுக்கல் எண்ணைக் கணக்கிட்டால் டிஓபிசி-க்கு ஒரு முறை 0.6 வருகிறது, இன்னொரு முறை 1 வருகிறது. எது சரி?
3. வெசிக்கிள் வெடிக்காமல் லைசோ-வைச் சேர்ப்பது எப்படி?

---

ஈரடுக்கு எழுதியது:

முதல் கேள்விக்கு நேர் விடை: நீங்கள் பிஇ-யை இரண்டு அடுக்கிலும் சமமாகக் கலந்திருக்கிறீர்கள். உள்ளடுக்கு ஒரு பக்கம் வளைய விரும்புகிறது, வெளியடுக்கு அதே அளவு எதிர்ப்பக்கம் வளைய விரும்புகிறது. இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் நிகர வளைவு பூஜ்யம். மூலக்கூறின் வடிவம் ஓரடுக்கின் தன்னியல்பு வளைவை (தனியே விட்டால் அது வளையும் அளவை) தீர்மானிக்கிறது. சவ்வின் வளைவைத் தீர்மானிப்பது இரண்டு அடுக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு. பாடநூல் படத்தில் ஒற்றை மூலக்கூறைக் கூம்பாக வரைந்துவிட்டு, பக்கத்திலேயே வளைந்த ஈரடுக்கை வரைந்துவிடுகிறார்கள். குழப்பத்துக்கு அந்தப் படம்தான் காரணம்.

எண்ணாகப் பார்ப்போம். வளைவுக் குறி: தலைகள் வெளிப்புறமாகப் புடைத்தால் நேர்மறை, தலைகள் நீரைச் சுற்றிக் குவிந்தால் எதிர்மறை. தோராயமான தன்னியல்பு வளைவுகள், ஒரு நானோமீட்டருக்கு:

டிஓபிசி: −0.09
டிஓபிஇ: −0.35 (ஆரம் சுமார் 3 நானோமீட்டர்)
டையோலியோயில் கிளிசரால்: சுமார் −1
18:1 லைசோ-பிசி: +0.26 (ஆரம் 3.8 நானோமீட்டர்)

உங்கள் கலவையின் ஓரடுக்குச் சராசரி: 0.7 × (−0.09) + 0.3 × (−0.35) = −0.168. அதாவது ஓரடுக்கைத் தனியே விட்டால் 6 நானோமீட்டர் ஆரத்துக்குச் சுருளும். ஆனால் விடுவதில்லை. ஈரடுக்காகத் தட்டையாகவே இருக்க வேண்டியிருப்பதால் அந்த விருப்பம் அழுத்தமாக உள்ளே தேங்குகிறது. ஓரடுக்கின் வளைவு விறைப்பை 10 கேடி (kT, வெப்ப ஆற்றலின் அலகு) என்றும், ஒரு லிப்பிட்டின் பரப்பை 0.7 சதுர நானோமீட்டர் என்றும் வைத்தால், ஒரு மூலக்கூறுக்குத் தேங்கும் ஆற்றல் ½ × 10 × 0.168² × 0.7, ஏறக்குறைய 0.1 கேடி. முழுக்க டிஓபிஇ என்றால் 0.4 கேடி. தட்டை நிலையை உடைத்துத் தலைகீழ் அறுகோண நிலைக்குப் (தலைகள் உள்ளே நீரைச் சுற்றி நிற்கும் உருளைகளின் அடுக்கு) போக, வால்கள் சமமில்லாத இடைவெளிகளை நீண்டு நிரப்ப வேண்டும். அதற்கும் ஆற்றல் வேண்டும். 0.1 கேடி அந்தச் செலவைத் தாங்காது. டிஓபிஇ தனியாக இருந்தால் அறை வெப்பநிலையில் தாங்கும்.

தேங்கிய அழுத்தம் வீணாகக் கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். சவ்வுப் புரதங்களின் வேலை, சவ்வுகள் ஒன்றோடொன்று இணைவது எல்லாம் அதை உணர்கின்றன. உங்கள் ஜியுவி வெளியே மாறாமல் தெரிந்தாலும் உள்ளே மாறித்தான் இருக்கிறது. நுண்ணோக்கியில் அது தெரியாது, அவ்வளவே.

இரண்டாம் கேள்வி. அடுக்கல் எண் = வால்களின் கன அளவு ÷ (தலைப் பரப்பு × வால் நீளம்). இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் 1976-இல் வகுத்தது. டான்ஃபோர்டு சூத்திரப்படி கார்போனைல் தவிர்த்த 17 கார்பனுக்கு: இரண்டு வாலின் கன அளவு 2 × (0.0274 + 0.0269 × 17) = 0.969 கன நானோமீட்டர். முழுக்க நீட்டிய நீளம் 0.154 + 0.1265 × 17 = 2.30 நானோமீட்டர். தலைப் பரப்பு 0.70. எண் 0.969 ÷ (0.70 × 2.30) = 0.60.

இப்போது 2.30-க்குப் பதிலாக, எக்ஸ்கதிர் ஆய்வில் கிடைக்கும் நீரகக்கரிமப் பகுதியின் பாதித் தடிமன் 1.35 முதல் 1.4 வரை போட்டுப் பாருங்கள்: 1 வரும். வராமல் இருக்க வழியே இல்லை! தட்டையான ஈரடுக்கில் கன அளவை பரப்பால் வகுத்தால் தடிமன்தான் கிடைக்கும். அதே தடிமனால் மறுபடி வகுத்தால் 1. அது அளவீடே இல்லை, சுற்றி வந்த கணக்கு. 0.6 வந்த கணக்கோ, இரட்டைப் பிணைப்பு உள்ள, ஓயாமல் நெளியும் வாலை நேர்குச்சியாக எடுத்துக்கொள்கிறது. அடுக்கல் எண் சோப்பு மூலக்கூறுகளுக்கு நல்ல வழிகாட்டி: மூன்றில் ஒன்றுக்குக் கீழே உருண்டை மைசெல் (வால் உள்ளே, தலை வெளியே திரண்ட கொத்து), அரை வரை உருளை மைசெல், அரை முதல் ஒன்று வரை ஈரடுக்கு, ஒன்றுக்கு மேல் தலைகீழ் அமைப்பு. இரட்டை வால் பாஸ்போலிப்பிட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அதை நம்ப வேண்டாம். தன்னியல்பு வளைவு எண்ணைப் பயன்படுத்துங்கள். கலவைக்கு மோல் விகிதப்படி சராசரி எடுக்கலாம் என்பது அதிலுள்ள பெரிய வசதி.

---

நுண்ணோக்கி எழுதியது:

மூன்றாம் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். முதலில் அளவுகள்.

10 மைக்ரோலிட்டர் × 1 மிகி/மிலி = 10 மைக்ரோகிராம் லிப்பிட், ஏறக்குறைய 13 நானோமோல். 500 மைக்ரோலிட்டரில் அது 25 மைக்ரோமோலார். அதைப் பத்து மடங்கு நீர்த்தால், ஒரு துளிகூடக் கண்ணாடியில் தங்கவில்லை என்று வைத்தாலும் அதிகபட்சம் 2.5 மைக்ரோமோலார். நீங்கள் விட்ட லைசோ 20. மொத்தச் சவ்வைவிட எட்டு மடங்கு லைசோ! அதோடு 16:0 லைசோ-பிசி-யின் மைசெல் வரம்புச் செறிவு (மூலக்கூறுகள் மைசெல்லாகத் திரளத் தொடங்கும் செறிவு) 7 மைக்ரோமோலார் அளவில்தான். அதன் மூன்று மடங்கில் விட்டால் நடப்பது வளைவு இல்லை, கரைப்பு. சோப்புப் போட்டுச் சவ்வைக் கழுவியிருக்கிறீர்கள். நடுவில் முளைத்த நூல், வெளியடுக்கில் லைசோ ஒன்றிரண்டு சதவீதம் இருந்த அந்தச் சில நொடிகளின் அடையாளம்.

எவ்வளவு போதும் என்பதைப் பாருங்கள். 10 மைக்ரான் ஆரமுள்ள உருண்டையில், இரு அடுக்கின் நடுத்தளங்களுக்கு இடையே 2.5 நானோமீட்டர் என்றால், வெளியடுக்கு உள்ளடுக்கைவிட 2 × 2.5 ÷ 10000 = 0.05% மட்டுமே அதிகப் பரப்பு கொண்டது. வெளியடுக்கில் 1% பரப்பைக் கூட்டினால், உருண்டைக்குத் தேவையானதைப் போல 20 மடங்கு வேறுபாடு. அந்த உபரிக்கு இடம் கொடுக்கச் சவ்வு மொட்டோ குழாயோ விட்டே ஆக வேண்டும். இங்கே லைசோ-வின் கூம்பு வடிவம் இரண்டாம் பட்சம். ஒரு பக்கம் மட்டும் ஆள் கூடியதுதான் முதல் காரணம். சிவப்பணுவில் ஷீட்ஸும் சிங்கரும் 1974-இல் சொன்ன இரட்டை அடுக்குக் கருத்து இதுவே: வெளியடுக்கில் சேரும் மருந்து முள்முள்ளாக்கும், உள்ளடுக்கில் சேரும் மருந்து கிண்ணமாக்கும்.

இரண்டாவது சிக்கல், உங்கள் வெசிக்கிளில் உபரிப் பரப்பே இல்லை. உள்ளே 200, வெளியே 200. ஒரு கன அளவை மூடக் குறைந்தபட்சப் பரப்பு எடுப்பது கோளம். அதிலிருந்து குழாய் இழுக்கப் பரப்பு எங்கிருந்து வரும்? பரப்பை நீட்டிக் கொடுக்கவும் முடியாது; 3 முதல் 5 சதவீதம் நீண்டாலே சவ்வு கிழிந்துவிடும். ஆகவே முதலில் காற்றிறக்கிய பந்து போலத் தொய்வாக்க வேண்டும்.

செய்முறை:

வெளிக் கரைசலை 240 மில்லிமோலார் குளுக்கோஸாக வையுங்கள். எடை போட்டுக் கலந்ததை நம்பாமல் ஆஸ்மோமீட்டரில் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். நீங்கள் பத்து மடங்கு நீர்ப்பதால், கூடவே வரும் 50 மைக்ரோலிட்டர் 200 மில்லிமோலார் சுக்ரோஸையும் கணக்கில் எடுத்தால் வெளியே 236 ஆகும். இந்தச் சிறு வித்தியாசம் பெரிய பாதிப்பு இல்லை, ஆனால் குறிப்பேட்டில் 240 என்று எழுதாதீர்கள். கன அளவு 200 ÷ 236 = 0.85-ஆகக் குறையும். அதே கன அளவுள்ள கோளத்தைவிடப் பரப்பு ஏறக்குறைய 11–12% உபரியாக நிற்கும்.

10 நிமிடம் விடுங்கள். கூடம் திறந்திருந்தால் நீர் ஆவியாகிச் செறிவு நகர்ந்துகொண்டே போகும், மூடி போடுங்கள். விளிம்பு கண்ணுக்குத் தெரிய நடுங்க வேண்டும். நடுங்காத வெசிக்கிளில் லைசோ சோதனை செய்வது நேர விரயம்.

16:0-வை விட்டுவிட்டு 14:0 லைசோ-பிசி-க்கு மாறுங்கள். வரம்புச் செறிவு, இரண்டு கார்பன் குறையக் குறைய ஏறக்குறைய பத்து மடங்கு ஏறும்: 16:0-க்கு 7 மைக்ரோமோலார், 14:0-க்கு 70, 12:0-க்கு 700. சவ்வில் சேரும் மோல் விகிதம், நீரில் உள்ள செறிவை வரம்புச் செறிவால் வகுத்ததற்குத் தோராயமாகச் சமம் என்ற கைக்கணக்கு உண்டு. அதன்படி 1% சேர 16:0 என்றால் 0.07 மைக்ரோமோலார் வேண்டும். அவ்வளவு நீர்த்த கரைசலில் பாதி பிளாஸ்டிக் முனையிலேயே ஒட்டிக்கொள்ளும், மீதியில் ஒரு பங்கைச் சவ்வு உறிஞ்சிக்கொண்டால் செறிவு எவ்வளவு என்றே தெரியாமல் போகும். 14:0 என்றால் 0.7 மைக்ரோமோலார். சவ்வுக்குள் போவது அதில் சிறு பங்கு, ஆகவே விட்ட செறிவே நிற்கும். வேண்டாம் என்றால் நீர்த்துத் திரும்ப எடுத்துவிடலாம்.

லைசோ-வை எத்தனாலில் கரைத்து விடாதீர்கள். எத்தனாலே சவ்வை மென்மையாக்கும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. அதே 236 குளுக்கோஸில் நேரடியாகக் கரைத்து, கூடத்தின் ஓரத்தில் மெதுவாக விட்டு, 0.3, 0.7, 1.5 மைக்ரோமோலார் என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 5 நிமிடம்.

உறுதி செய்ய: கொழுப்பு அமிலம் நீக்கிய அல்புமினை அதே ஆஸ்மோலாரிட்டியில் சேருங்கள். லைசோ-வை அது உறிஞ்சிக்கொள்ளும். குழாய்கள் பின்வாங்கி வெசிக்கிளோடு சேர்ந்தால் அது வளைவு விளைவுதான். பின்வாங்காவிட்டால் நீங்கள் பார்த்தது கண்ணாடியில் ஒட்டி இழுபட்ட இழை.

ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை கட்டாயம்: லைசோ இல்லாமல், சர்க்கரை வேறுபாடு மட்டும். உள்ளே ஒரு சர்க்கரை, வெளியே வேறொன்று என்றாலே சவ்வுக்குக் கொஞ்சம் வளைவு வரும், தொய்வான வெசிக்கிளில் அது தெரியக்கூடும்.

---

கயல் எழுதியது:

மிக்க நன்றி, எட்டு மடங்கு என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே தோன்றவில்லை. தொடர்ச்சியாக இரண்டு சந்தேகம். ஆப்டிகல் ட்வீசரில் (லேசர் ஒளியால் பிடித்து இழுக்கும் கருவி) ஜியுவி-யிலிருந்து குழாய் இழுத்தால், குறுகலான குழாய்க்குள் பிஇ தானாகப் போய்ச் சேருமா? கொலஸ்ட்ராலும் எதிர்மறை வளைவு என்கிறார்களே, அது சேருமா? அப்புறம் இந்த −0.35, +0.26 எல்லாம் எப்படி அளக்கிறார்கள்? எங்களிடம் புதிதாகத் தொகுத்த ஒரு லிப்பிட் இருக்கிறது, அதற்கு எண் வேண்டும்.

---

ஈரடுக்கு எழுதியது:

குழாய்க்குள் சேருமா என்பதற்கு ஒரு வரிக் கணக்கு போதும். 20 நானோமீட்டர் ஆரக் குழாய், வளைவு 0.05. பிஇ-க்கும் பிசி-க்கும் தன்னியல்பு வளைவு வித்தியாசம் சுமார் 0.3. ஒரு மூலக்கூறு இடம் மாறுவதால் கிடைக்கும் லாபம் 10 × 0.65 × 0.05 × 0.3, அதாவது 0.1 கேடி. வெப்ப அலைச்சலுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை. செறிவு பத்து சதவீதம் மாறினால் பெரிது. அதுவும் குழாயின் உள்ளடுக்கில் பிஇ கொஞ்சம் கூடும், வெளியடுக்கில் அதே அளவு குறையும். மொத்த ஒளிர்வில் இரண்டும் கழிந்துபோகும். அதனால் சாதாரணக் கலவையில் லிப்பிட் பிரிந்து சேர்வது தெரியாது. கலவை தனித்தனிப் பகுதிகளாகப் பிரியும் நிலையின் விளிம்பில் இருந்தால் மட்டும், ஒரு மூலக்கூறு அண்டைக்காரர்களையும் இழுத்துக்கொண்டு போவதால் விளைவு பெருகும். அல்லது நச்சுப்புரதம் ஒன்று பல கிளைக்கோலிப்பிட்டுகளைக் கட்டிவைத்தால்.

குழாயின் ஆரம் லிப்பிட் வடிவத்தால் வருவதல்ல, இழுவிசையால் வருவது என்பதையும் மறக்க வேண்டாம். ஆரம் = √(விறைப்பு ÷ (2 × இழுவிசை)). ஈரடுக்கின் விறைப்பு 8 × 10⁻²⁰ ஜூல் (20 கேடி), இழுவிசை 10⁻⁵ நியூட்டன்/மீட்டர் என்றால் 63 நானோமீட்டர். பிடித்திருக்க வேண்டிய விசை சுமார் 8 பைக்கோநியூட்டன்.

சின்ன வெசிக்கிளில் கதை வேறு. 30 நானோமீட்டர் விட்டம், 4 நானோமீட்டர் தடிமன் என்றால் வெளிப்பரப்புக்கும் உட்பரப்புக்கும் விகிதம் 15² ÷ 11² = 1.86. வெளியே 4000 லிப்பிட் என்றால் உள்ளே சுமார் 2150. அந்த நெருக்கடியில் பிஇ உள்ளடுக்கை நாடுவது அர்த்தமுள்ளது. 100 நானோமீட்டரில் விகிதம் 1.18. ஜியுவி-யில் 1.0008.

கொலஸ்ட்ராலின் தன்னியல்பு வளைவு பிஇ-யைவிடவும் எதிர்மறை, உண்மைதான். ஆனால் பாஸ்போலிப்பிட் ஒரு அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தாவ மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும்போது, கொலஸ்ட்ரால் சட்டென்று தாவிவிடும். ஒரு பக்கம் பரப்பு கூடினால் மறுபக்கம் போய்ச் சமன் செய்துவிடும். எனவே நுண்ணோக்கி சொன்ன லைசோ சோதனையில் கொலஸ்ட்ராலைச் சேர்த்தால் குழாய் குறையவே வாய்ப்பு அதிகம். அது சவ்வை விறைப்பாக்குமா என்றால், நிறைவுற்ற வால்களில் ஆம்; டிஓபிசி-யில் அளக்கும் முறையைப் பொறுத்து விடை மாறுகிறது, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

---

சிதறல் எழுதியது:

அளக்கும் முறை. ஈரடுக்கில் வளைவு விருப்பம் மறைந்திருப்பதால், அதை வெளிப்படையாகக் காட்டும் இடத்துக்குப் போக வேண்டும்: தலைகீழ் அறுகோண நிலை. லிப்பிட்டுகள் நீர் நிரம்பிய மெல்லிய உருளைகளைச் சுற்றித் தலை உள்ளே, வால் வெளியே என்று நிற்கும். உருளையின் ஆரமே விடை. உங்கள் புது லிப்பிட் தனியாக அந்த நிலைக்குப் போகாது என்பதால் டிஓபிஇ-யில் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும்.

0, 5, 10, 15, 20 மோல் சதவீதம் என ஐந்து மாதிரி. குளோரோஃபார்மில் கலக்குங்கள். அதிலேயே 9-சிஸ்-டிரைகோசீன் 12 எடைச் சதவீதம் சேருங்கள். இது எதற்கு என்றால், உருளைகளுக்கு நடுவே மூன்று உருளை சந்திக்கும் மூலைகளில் வெற்றிடம் வரும். வால்கள் நீண்டு அதை நிரப்ப வேண்டியிருந்தால் உருளை ஆரம் மாறி, நீங்கள் அளப்பது தன்னியல்பு வளைவாக இருக்காது. டிரைகோசீன் அந்த மூலைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை விட்டுவிட்டு அளந்த எண்ணை வெளியிடாதீர்கள். டெட்ராடெக்கேனும் பயன்படும், ஆனால் அது ஆவியாகும். வெற்றிடத்தில் காயவைக்கும்போது போய்விடும், எனவே பின்னால் சேர்க்க வேண்டும்.

கரைப்பானை நைட்ரஜனில் விரட்டி, உபரி நீர் சேர்த்து, உறைய வைத்து உருக்கும் சுழற்சிகள் கொடுத்து, 4 டிகிரியில் சில நாள் வைத்துவிட்டு, பிறகு சிறுகோண எக்ஸ்கதிர்ச் சிதறல். உச்சங்கள் 1 : √3 : 2 என்ற விகிதத்தில் வந்தால் அறுகோணம். 1 : 2 : 3 என்று தனியே ஒரு வரிசை முளைத்தால் ஒரு பகுதி ஈரடுக்காகிவிட்டது, அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேர்மறை வளைவு லிப்பிட்டுகளில் இது சீக்கிரமே வரும், அப்போது 2, 4, 6, 8 என்று குறைவாக எடுங்கள்.

முதல் உச்சம் 0.96 ஒரு நானோமீட்டருக்கு என்றால், அணிக்கோவை நீளம் 4π ÷ (√3 × 0.96) = 7.56 நானோமீட்டர். இதிலிருந்து ஆரத்துக்கு இரண்டு வழி. நீரின் கனப் பங்கு தெரிந்தால் நீர் உருளை ஆரம் = அணிக்கோவை × √(√3 × நீர்ப் பங்கு ÷ 2π). உபரி நீரில் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதே, அதனால் நீர் அளவை மாற்றிப் பல மாதிரி செய்ய வேண்டிவரும். இன்னொரு வழி, நான்கைந்து உச்சங்களின் வலிமையிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் வரைந்து பாஸ்பேட் இருக்கும் ஆரத்தைப் பிடிப்பது. வளைக்கும்போது பரப்பு மாறாத தளம் அதிலிருந்து வால்களின் பக்கமாகச் சற்றுத் தள்ளி, கிளிசரால் முதுகெலும்பை ஒட்டி இருக்கும். எந்தத் தளத்தில் அளந்தீர்கள் என்று எழுதாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் அதை யாரும் ஒப்பிட முடியாது. வெவ்வேறு கட்டுரைகளில் டிஓபிஇ-க்கு −0.35-உம் −0.40-உம் இருப்பதற்கு வெப்பநிலையோடு இந்தத் தளக் குழப்பமும் ஒரு காரணம்.

கடைசியில் வளைவை மோல் விகிதத்துக்கு எதிராக வரைந்து நேர்கோட்டை 100%-க்கு நீட்ட வேண்டும். இங்கேதான் பிழை பெருகும். 10% கலவையில் −0.289 கிடைத்தது என்று வையுங்கள்: −0.289 = 0.9 × (−0.35) + 0.1 × விடை, ஆக விடை +0.26. அளவீட்டில் 0.005 தவறினால் விடையில் 0.05 தவறும். ஐந்து புள்ளி ஒரே கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். கோடு வளைந்தால் லிப்பிட்டுகள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்கின்றன, சராசரி விதி செல்லாது.

டிஓபிஇ பழையதாக இருந்தால் எல்லாம் பாழ். ஆக்சிஜனேற்றமோ நீராற்பகுப்போ நடந்திருந்தால் அதற்குள்ளேயே லைசோ-பிஇ இருக்கும். மெல்லடுக்கு வண்ணப்படிவில் ஒரு புள்ளிதானா என்று முதலில் பாருங்கள்.

---

மூன்றாம்விதி எழுதியது:

மேலே சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர: லிப்பிட்டுக்கு ஒரு நிலையான வடிவம் இருப்பதுபோலவே எல்லோரும் பேசுகிறீர்கள். எண்ணோடு வெப்பநிலை, அமிலத்தன்மை, அயனி மூன்றும் எழுதாவிட்டால் அது பாதி எண்தான்.

வாலிலிருந்து தொடங்கலாம். டிஓபிஇ 10 டிகிரி அளவிலேயே தலைகீழ் அறுகோண நிலைக்குப் போகிறது. பிஓபிஇ 71 டிகிரியில்தான். தலை ஒன்றே, ஒரு வால் 18:1-க்குப் பதிலாக 16:0, அதாவது ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பும் இரண்டு கார்பனும் குறைந்தது, அவ்வளவுதான், அறுபது டிகிரி நகர்ந்துவிட்டது. அதே இரட்டைப் பிணைப்புகளை டிரான்ஸாக மாற்றிய டிஇபிஇ-யும் அறுபதுகளில்தான் மாறுகிறது. டிரான்ஸில் வால் கிட்டத்தட்ட நேராகவே நிற்கும், சிஸில் முறிந்து அகலும். சூடாக்கினாலும் இதே கதை: நெளிவு கூடும், வாலின் அகலம் கூடும், வளைவு மேலும் எதிர்மறையாகும். (கயல் கவனிக்க: பிஓபிஇ-க்கு மாற நினைத்தால், அது 25 டிகிரிக்குக் கீழே உறைநிலை. அறை வெப்பநிலையில் ஜியுவி வளர்க்க முயன்றால் துண்டுதுண்டாக வரும்.)

தலைக்கு வந்தால், பிஇ-யின் தலை அளவில் சிறியது என்பது பாதி உண்மை. அமீன் ஹைட்ரஜன்கள் பக்கத்து பாஸ்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு நெருங்கிக்கொள்கின்றன, நீரைக் குறைவாகவே பிடித்துக்கொள்கின்றன. அமீனில் ஒரு மெத்தில் சேர்த்தாலே மாறும் வெப்பநிலை வெகுவாக ஏறுகிறது. மூன்று சேர்த்தால் அது பிசி.

மின்சுமையுள்ள தலைகளில் இது இன்னும் தெளிவு. பாஸ்பாடிடைல்செரின் (டிஓபிஎஸ்) நடுநிலையில் கிட்டத்தட்டத் தட்டை. தலைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அமிலத்தன்மையை நன்றாகக் கூட்டிச் சுமையை அணைத்தால் அதே டிஓபிஎஸ் அறுகோண நிலைக்குப் போய்விடும். கார்டியோலிப்பினில் கால்சியம் சேர்த்தாலும், பாஸ்பாடிடிக் அமிலத்தில் கால்சியம் சேர்த்தாலும் அதே திசைதான். ஆகவே தாங்கல் கரைசலில் கால்சியம் இருக்கிறதா, எவ்வளவு என்று தெரியாமல் இந்த லிப்பிட்டுகளுக்கு எண் சொல்லக்கூடாது.

இதை வேண்டுமென்றே பயன்படுத்தியதற்கு நல்ல உதாரணம், 2018-இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் மருந்தின் லிப்பிட் நானோதுகள். அயனியாகும் லிப்பிட் டிலின்-எம்சி3-டிஎம்ஏ 50, டிஎஸ்பிசி (நிறைவுற்ற வால் பிசி) 10, கொலஸ்ட்ரால் 38.5, பெக்-லிப்பிட் 1.5 மோல் சதவீதம். எம்சி3-யின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் சுமை ஏற்கும் பிஎச்) சுமார் 6.4. ரத்தத்தில் பெரும்பாலும் சுமையில்லை. எண்டோசோமின் (செல் தான் விழுங்கியதை வைக்கும் பை) அமிலத்தில் நேர்ச்சுமை ஏறி, அங்குள்ள எதிர்ச்சுமை லிப்பிட்டோடு ஜோடி சேர்கிறது. ஜோடியின் இரண்டு தலையும் சுமையை அணைத்துக்கொண்டு சுருங்குகின்றன. எம்சி3-யின் இரண்டு வாலிலும் இரண்டிரண்டு சிஸ் பிணைப்பு; அகலம் எக்கச்சக்கம். தனித்தனியே ஈரடுக்கில் உட்காரக்கூடியவை ஜோடியாகும்போது தலைகீழ்க் கூம்பாகிவிடுகின்றன, சவ்வு கிழிந்து சரக்கு வெளியே வருகிறது. பெக்-லிப்பிட்டின் பெரிய தலை இதற்கு நேர் எதிர், நேர்மறை வளைவு. அது கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை கெடும் என்பதால்தான் 14 கார்பன் குட்டை வால் போட்டு, ரத்தத்தில் தானாக உதிரும்படி செய்திருக்கிறார்கள்.

நொதிகளிலும் ஒரு பொறி உண்டு. பாஸ்போலிபேஸ் ஏ2 (லிப்பிட்டின் ஒரு வாலை வெட்டும் நொதி) லைசோ-பிசி உருவாக்கும், அதனால் சவ்வு நேர்மறையாக வளையும் என்று எழுதுகிறார்கள். வெட்டிய ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் ஒரு லைசோ, ஒரு கொழுப்பு அமிலம் இரண்டும் வரும். இரண்டும் அதே அடுக்கில் தங்கினால் கூம்பும் தலைகீழ்க் கூம்பும் சேர்ந்து ஏறக்குறையத் தட்டை. கொழுப்பு அமிலம் மறு அடுக்குக்குத் தாவினாலோ, கரைசலில் உள்ள அல்புமின் அதை எடுத்துப் போனாலோதான் லைசோ-வின் வளைவு தெரியும்.

---

நுண்ணோக்கி எழுதியது:

அல்புமின் பற்றி மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அது லைசோ, கொழுப்பு அமிலம் இரண்டையும் எடுக்கும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. நான் சொன்ன பின்வாங்கும் சோதனை, லைசோ-வை நேராகச் சேர்த்த சோதனைக்கு மட்டும் பொருந்தும். ஏ2 நொதி விட்டுக் கிடைத்த குழாயில் அதைச் செய்தால் முடிவு இரு பொருள் தரும். நொதிச் சோதனை என்றால் முதலில் இடிடிஏ சேர்த்துக் கால்சியத்தைப் பிடித்து நொதியை நிறுத்துங்கள், பிறகு அல்புமின்.

கயல், ரோடமின்-பிஇ 0.5% சரிதான், ஆனால் ரோடமின் ஒரு பெரிய தலை. குழாயில் ஒளிர்வு கூடியதா குறைந்ததா என்று அளந்து பிஇ-யின் நகர்வாக எழுத வேண்டாம். நீங்கள் பார்ப்பது சாயத்தின் நகர்வு. குழாய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அதை வைத்துச் சொல்லுங்கள்.

---

கயல் எழுதியது:

குறித்துக்கொண்டேன். 14:0 லைசோ, 236 குளுக்கோஸ், மூடி போட்ட கூடம், சர்க்கரை மட்டும் கட்டுப்பாடு, கடைசியில் அல்புமின். டிஓபிஇ இல்லாத வெறும் டிஓபிசி-யிலும் அதே மூன்று படியை ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டிலும் ஒரே செறிவில் குழாய் வந்தால், காரணம் பரப்பு வேறுபாடுதான், பிஇ-க்குப் பங்கில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

ஈரடுக்கு எழுதியது:

குழாய் தொடங்கும் செறிவை வைத்து அப்படிச் சொல்லலாம். குழாயின் தடிமனை வைத்துச் சொல்ல வேண்டாம். அது நுண்ணோக்கியின் பிரிதிறனுக்குக் கீழே இருக்கும். இரண்டு கலவைக்கும் தொய்வு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வொன்றிலும் விளிம்பு நடுங்கும் வெசிக்கிள்களை மட்டும், ஏறக்குறைய ஒரே விட்டத்தில் தேர்ந்தெடுங்கள். 10 மைக்ரானையும் 30 மைக்ரானையும் ஒரே பட்டியலில் சேர்த்தால் தொடங்கும் செறிவு பரந்து கிடக்கும், வித்தியாசம் இருந்தாலும் தெரியாது.